காட்டுக்குள் எல்லோரும் போக வேண்டும்: பலகைப் பாதையா, மண்பாதையா, வண்டியா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வனத்துறை நடத்தும் ஒரு சூழல் சுற்றுலாத் தலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடி, பக்கத்தில் டிக்கெட் கவுண்ட்டர், வண்டி நிறுத்த ஒரு மண்தரை, ஒரு கழிப்பறைக் கட்டடம், அங்கிருந்து ஓடைக்கோ காட்சிமுனைக்கோ போகும் அரை கிலோமீட்டர் பாதை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். பாதை தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் நான்கைந்து படிகள் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர், முழங்கால் தேய்ந்த அம்மா, ஊன்றுகோலோடு நடப்பவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தவர் எல்லோரும் அந்தப் படிகளுக்கு முன்னால் நின்றுவிடுகிறார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவரையாவது எல்லாத் தலங்களிலும் பார்க்கலாம்.

இதை மாற்ற ஒரு வனச்சரகத்துக்கோ கிராம வனக்குழுவுக்கோ ஒருமுறை கொஞ்சம் நிதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதற்குச் செலவிடுவது? பேச்சில் வழக்கமாக அடிபடும் யோசனைகள் இவை: தரையிலிருந்து உயர்த்திப் போடும் பலகைப் பாதை, இருக்கிற பாதையையே சீர்படுத்தி இறுகச் செய்வது, பேட்டரி கார் மாதிரி ஒரு வண்டி, காட்டுக்கென்று செய்யப்பட்ட சிறப்பு நாற்காலிகள், அப்புறம் வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் தகவல் பலகைகளும். ஐந்தையும் ஒரே ஆண்டில் செய்ய யாரிடமும் பணம் இருக்காது. அதனால் வரிசை முக்கியம். என் வரிசையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் இந்தப் பட்டியலிலேயே இல்லாத கழிப்பறை, அடுத்து நானூறு ஐந்நூறு மீட்டருக்கு நல்ல மண்பாதை, கூடவே ஆட்களுக்குப் பயிற்சி. பலகைப் பாதை ஈர நிலத்துக்கு மட்டும். வண்டி, நடக்கவே அனுமதி இல்லாத காடுகளுக்கு. ஏன் என்பதைத்தான் இனி விளக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. இது யாரோ மனமிரங்கிச் செய்யும் காரியம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டு வாழ்க்கைக்கும் பொழுதுபோக்குக்கும் தனிப் பிரிவே ஒதுக்கியிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைத் தடையற்றவையாக மாற்ற அது தந்த ஐந்தாண்டு அவகாசம் 2022லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தடையற்ற வசதிக்கான தரங்களை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைத்திருக்கும் விதி சட்டத்துக்கே பொருந்தாது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் அதே கணக்கெடுப்பில் பத்தில் ஒருவருக்கு மேல். இவ்வளவு பேரும் வரி கட்டுகிற, காட்டில் பங்குள்ள மக்கள்தான்.

முதலில் கழிப்பறை

திட்ட அறிக்கைகளில் கழிப்பறை கடைசி வரியில்தான் இருக்கும். நான் அதை முதல் வரிக்குக் கொண்டுவருவேன். சக்கர நாற்காலியில் பயணம் செய்பவர்கள் பலர், வெளியூர் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். போகிற இடத்தில் தாங்கள் நுழையக்கூடிய கழிப்பறை இருக்குமா என்று தெரியாததே காரணம். முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். கழிப்பறை இல்லாத இடத்துக்கு எவ்வளவு அழகான பாதை போட்டாலும் அவர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள்.

செலவும் பெரிதில்லை. இருக்கிற கட்டடத்தில் ஓர் அறையை மாற்றினால் போதும். கதவு திறந்தபின் 90 சென்டிமீட்டர் வழி, உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், வாசலில் மேடு இல்லாத தரை, வெஸ்டர்ன் கோப்பை, இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி, உட்கார்ந்தபடி எட்டும் குழாய், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாமல் போகும் என்பதால் இந்தக் கடைசி விஷயம் அவசியம். ஆண், பெண் பகுதிகளுக்குள் ஒளித்து வைக்காமல் தனி வாசலோடு பொதுவாக இருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் மனைவிக்குக் கணவரும், அம்மாவுக்கு மகனும் உதவிக்குப் போக முடியும். ஒரு வேண்டுகோளும் உண்டு: அந்த அறையைத் துடைப்பமும் பினாயில் கேனும் வைக்கும் இடமாக்கிவிட்டு, சாவியை அன்றைக்கு விடுப்பில் இருப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இது நடக்காத இடம் குறைவு.

பலகைப் பாதை: எங்கே அது வெல்கிறது

படத்தில் பார்த்தால் மனதைப் பறிப்பது பலகைப் பாதைதான். அதற்கு நியாயமும் உண்டு. தூண்கள் மேல் நிற்பதால் கீழே தண்ணீர் ஓடும், வேர்கள் நசுங்காது, ஆமையும் பாம்பும் தவளையும் அதனதன் வழியில் போகும். மேடு பள்ளமான தரையிலும் சரிவை ஒரே சீராக வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஓரத்திலும் சிறு விளிம்புக் கட்டை வைத்துவிட்டால் வெள்ளைக் கோலோடு நடப்பவருக்குப் பாதையின் எல்லை தானாகத் தெரியும்.

உலகத்தில் இதன் சிறந்த வடிவங்களைப் பார்க்கவேண்டும் என்றால் ஜெர்மனியின் பவேரியக் காட்டில் 2009இல் திறந்த மர உச்சிப் பாதை இருக்கிறது. 1,300 மீட்டர் நீளம், கடைசியில் 44 மீட்டர் உயரக் கோபுரம். ஆனாலும் சரிவு எங்கேயும் 6 சதவீதத்தைத் தாண்டாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் மரங்களின் தலைக்கு மேல் வரை போய் நிற்கிறார். சிங்கப்பூரின் தெற்கு மலைத்தொடரில் 'ஃபாரஸ்ட் வாக்' என்று ஒன்று, இரும்புக் கிராதிகளால் ஆனது, மலைக்காட்டின் ஊடே வளைந்து வளைந்து மெல்லிய சரிவில் போகிறது. இரண்டும் பெரிய முதலீட்டில், நிரந்தரப் பராமரிப்புப் பணியாளர்களோடு நிற்பவை என்பதை மறக்கக் கூடாது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைகளுக்கு அருகில் போவதற்காக 263 மீட்டர் மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. வாழ்நாளில் முதல்முறையாகக் கடலை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர்களின் முகங்கள் அன்றைக்குச் செய்திகளில் வந்தன. அந்த மகிழ்ச்சியே அந்தப் பாதைக்கான போதுமான நியாயம். ஆனால் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் அதன் கடலோரப் பகுதி சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவு, அதாவது மீட்டருக்கு நாற்பதாயிரம் ரூபாய் அளவில். மணலில் வேறு வழியில்லை என்பதால் மெரினாவுக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மாநகராட்சியால் சரிசெய்யவும் முடிகிறது. ஒரு வனச்சரகத்தால் முடியுமா?

மலைக்காட்டில் புயலுக்குப் பதில் வேறு எதிரிகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிற்காத மழையில் பலகை மேல் பாசி படரும். செருப்புக்காலே வழுக்கும்போது ஊன்றுகோலின் ரப்பர் நுனி என்ன செய்யும்? கரையான் அடியிலிருந்து வரும். பலகை வளைந்தால் ஆணி தலைதூக்கும். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் கைப்பிடிக் கம்பியோடு நீளும் பாதை யானைகளின் வழக்கமான தடத்தை மறிக்கும், அதோடு ஒரே இரவில் சில மீட்டர் காணாமலும் போகலாம். பலகை உடைந்த இடத்தில் மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். சக்கர நாற்காலியால் முடியாது. ஒரே ஒரு பலகை போனாலும் அவருக்கு முழுப் பாதையும் மூடியதுதான்.

அதனால் என் தீர்ப்பு: சதுப்பு, அலையாத்தி, ஏரிக்கரை, ஓடையைக் கடக்கும் இருபது முப்பது மீட்டர். இங்கெல்லாம் பலகைப் பாதை போடலாம், போட வேண்டும். போடும்போது பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்காக வைக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் நாற்காலியின் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். இடுக்கும் 13 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உலர்ந்த தரையில் அழகுக்காகப் போடும் நீண்ட பலகைப் பாதை, ஐந்து வருடத்தில் 'பழுது, நுழையாதீர்' என்ற அறிவிப்புடன் நிற்கும் வாய்ப்பே அதிகம்.

மண்பாதை: மலிவு என்பதால் மட்டும் இல்லை

இருக்கிற பாதையை இறுகச் செய்வதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. இதில் நிறைய நுணுக்கம் இருக்கிறது, அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று (அதாவது பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயரம்) என்ற சரிவுக்குமேல் போகக் கூடாது என்பது நம் நாட்டுத் தரம். ஆனால் அந்தத் தரங்கள் கட்டடத்தையும் நகரத்து நடைபாதையையும் மனதில் வைத்து எழுதியவை. காட்டுப் பாதைக்கு அப்படியே பொருத்தினால் 'இங்கே முடியாது' என்ற பதில்தான் வரும். அமெரிக்க வனச்சேவை இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டு, காட்டுப் பாதைகளுக்கென்றே தனி அளவுகோல்களை உருவாக்கியது. 2013இல் அது போன்ற விதிகள் அந்நாட்டின் மத்திய அரசு நிலங்கள் முழுவதற்கும் வந்தன. அதன் சாரம் இது: இருபதுக்கு ஒன்று என்ற சரிவு எவ்வளவு நீளத்துக்கும் இருக்கலாம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 60 மீட்டர் வரை, பத்துக்கு ஒன்று என்றால் 9 மீட்டர் வரை, எட்டுக்கு ஒன்று என்றால் 3 மீட்டர் வரை. செங்குத்தான ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் மூச்சு வாங்க ஒரு சமதளம். பாதையின் மொத்த நீளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அகலம் குறைந்தது 91 சென்டிமீட்டர். நிலத்தின் அமைப்பு இடம் தராத இடத்தில், காட்டின் இயல்பே மாறிப்போகும் இடத்தில் விலக்கும் உண்டு. காட்டை வெட்டிச் சமதளமாக்கு என்று அது சொல்லவில்லை. எங்கே முடியுமோ அங்கே முழு மனதோடு செய் என்கிறது. நமக்கு இப்போது வேண்டியது இப்படி ஓர் அளவுகோல்தான்.

அந்த நான்கு படிகளுக்குத் திரும்புவோம். படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் மொத்த உயரம் 60 சென்டிமீட்டர். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏழு மீட்டருக்குச் சற்று மேல், இருபதுக்கு ஒன்று என்றால் 12 மீட்டர். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமாகப் படியைச் சுற்றி ஒரு வளைவுப் பாதை எடுத்தால் இந்த 12 மீட்டர் எளிதாகக் கிடைத்துவிடும். படியை இடிக்கக்கூட வேண்டாம். சிலருக்குச் சரிவைவிடக் கைப்பிடியோடு கூடிய படியே வசதி, குறிப்பாக ஊன்றுகோலோடு நடப்பவர்களுக்கு. இரண்டும் இருக்கட்டும்.

மேற்பரப்புக்கு வருவோம். கான்கிரீட் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். சக்கரத்துக்கு அது நல்லதுதான், ஆனால் மழைநீர் கீழே இறங்காது, வேர்கள் பத்து வருடத்தில் அதைப் பிளக்கும், பிளந்ததைக் காட்டுக்குள் சரிசெய்ய மறுபடியும் சிமென்ட் மூட்டை சுமக்க வேண்டும். பேவர் பிளாக் கல்லின் ஒவ்வொரு இணைப்பும் நாற்காலியில் இருப்பவரின் முதுகுத்தண்டில் அதிர்வாக ஏறும். வேர் தூக்கிவிட்டால் இன்னும் மோசம். சரி, அப்படியே மண்ணாக விட்டால்? மழையில் சேறு, கோடையில் புழுதி.

இடைப்பட்ட வழி இருக்கிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டுக் கெட்டித் தரை வரை இறங்கி, கீழே ஜல்லி பரப்பி, மேலே நுண்தூளோடு கூடிய கிரஷர் தூளைப் போட்டு, தண்ணீர் தெளித்து ரோலரால் அழுத்த வேண்டும். உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், நுண்தூள் இடைவெளிகளை நிரப்பும், காய்ந்தபின் சக்கரம் அமிழாது. ஆற்றங்கரையில் கிடைக்கும் உருண்டைக் கூழாங்கல் இதற்கு உதவாது, அது உருண்டுகொண்டே இருக்கும். எம்-சாண்டும் வேண்டாம், கழுவி நுண்தூள் நீக்கிய மணல் இறுகாது. ஒப்பந்தக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. இந்த வகைப் பாதையை ஊர்க்காரர்களே மண்வெட்டியும் சட்டியும் வைத்துச் சரிசெய்யலாம், அந்தக் கூலி அவர்களுக்கே போகும். பலகைப் பாதைக்கு இந்த வசதி இல்லை.

மேடு ஏறுவதைவிடச் சக்கர நாற்காலிக்குத் தொல்லை தருவது பக்கச்சரிவு. இது நடந்து போகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் வடிய வேண்டுமே என்று பாதையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடுவார்கள். நாற்காலி அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். அதில் இருப்பவர் ஒரு கையால் தடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் மட்டும் தள்ள வேண்டியிருக்கும். நூறு மீட்டரில் தோள் விட்டுப்போகும். மண்பாதையில் பக்கச்சரிவு இருபதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. தண்ணீருக்கு வேறு வழி பார்க்கலாம்: மேட்டுப் பக்கமாக ஒரு வாய்க்கால், ஐம்பது மீட்டருக்கு ஒரு குழாய்ப் பாலம். பாதைக்குக் குறுக்கே கட்டையைப் புதைத்துத் தண்ணீரைத் திருப்பும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்தக் கட்டை ஒவ்வொன்றும் ஒரு படி.

நீளத்தைவிடப் பாதை எங்கே போய் முடிகிறது என்பது முக்கியம். நான் பார்த்த சில இடங்களில் 'மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை' என்று பெயர்ப் பலகை வைத்து, வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ஓடை தெரியாது, மலை தெரியாது, கம்பி வேலியும் கேண்டீனின் பின்சுவரும்தான் தெரியும். அது வரவேற்பு இல்லை. குறுகிய பாதையாக இருக்கலாம், ஆனால் அந்தத் தலத்துக்கு மக்கள் எதைப் பார்க்க வருகிறார்களோ அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கை நினைத்துப் பாருங்கள். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட ஒரு கிலோமீட்டர் பாதை. மலைச்சரிவின் விளிம்பையே ஒட்டிப் போவதால் ஒவ்வோர் அடியிலும் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரிகிறது. இருக்கிற இடத்தில் சரியான தடத்தைத் தேர்ந்தெடுத்தால், உச்சிக்கு ஏறாமலேயே உச்சியின் காட்சி கிடைக்கும்.

நடுவில் எழுபது எண்பது மீட்டருக்கு ஒரு பெஞ்சு வேண்டும், முதுகு சாயவும் கை ஊன்றி எழவும் வசதியோடு. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கும் அளவுக்குக் காலியிடமும் விட வேண்டும். குடும்பத்தோடு வந்தவர் பாதையின் நடுவே தனியாக நிற்காமல் அவர்களோடு சேர்ந்து உட்கார அது தேவை. காட்சிமுனையின் தடுப்புச் சுவரையும் கவனியுங்கள். நின்றால் இடுப்பளவு வரும் சிமென்ட் சுவர், உட்கார்ந்திருப்பவரின் கண்ணை மறைக்கும். அவர் அவ்வளவு தூரம் வந்து சுவரைத்தான் பார்ப்பார். ஒரு பகுதியிலாவது கம்பித் தடுப்பு வேண்டும்.

வண்டியும் சிறப்பு நாற்காலிகளும்

பேட்டரி காருக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. 602 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவை நடந்து பார்க்க எல்லோராலும் ஆகாது. அங்கே பேட்டரி வண்டி இல்லையென்றால் முதியவர்கள் முதல் கூண்டைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார்கள். சத்தமில்லை, புகையில்லை. வாங்கிய மறுநாளே ஓட்டலாம், பாதை வேலை மாதிரி ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் வாங்குகிற வண்டி எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமான பேட்டரி காரில் ஏற ஓர் அடி உயரம் காலைத் தூக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வந்தவரை யாராவது இரண்டு பேர் தூக்கித்தான் உட்கார வைக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை, அதுவும் கூட்டத்துக்கு நடுவில், யார் விரும்புவார்கள்? பெண்களுக்கு இது இன்னும் கடினம். அவருடைய நாற்காலி வாசலிலேயே நின்றுவிடும். போய் இறங்குகிற இடத்தில் அவரால் நகர முடியாது. பின்பக்கம் மடக்குச் சாய்தளமும், நாற்காலியை இறுக்கிக் கட்டும் பட்டைகளும் உள்ள வண்டியை ஆர்டர் கொடுத்தே வாங்க வேண்டும். சாதாரண வண்டி நான்கு வாங்குவதைவிட இப்படி ஒன்று வாங்குவது மேல்.

வண்டியில் இன்னொரு குறையும் உண்டு. காடு என்பது நின்று, கேட்டு, முகர்ந்து, திரும்பிப் பார்த்து அனுபவிக்கிற இடம். சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும்போது நிற்க வேண்டும் என்று தோன்றும். வண்டி ஓட்டுநரின் கடிகாரத்தில்தான் நிற்கும். சொந்த வேகத்தில் போக வண்டி விடுவதில்லை.

சிறப்பு நாற்காலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சக்கரமும் முன்னும் பின்னும் பிடித்துப்போக நீண்ட கைப்பிடிகளும் கொண்ட 'ஜோலெட்' என்ற நாற்காலியை 1987இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் க்ளோடெல், தசைநோய் கொண்ட தன் உறவுப் பையனை மலைக்கு அழைத்துப்போவதற்காகச் செய்தார். படியிலும் பாறையிலும்கூடப் போகும், ஆனால் பழகிய இரண்டு மூன்று பேர் வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ போன்ற மாநிலங்களின் பூங்காக்கள் டாங்கி மாதிரி பட்டைச் சக்கரம் ஓடும் மின்நாற்காலிகளை இரவல் தருகின்றன; அதில் ஒருவர் தானே ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகலாம். விலையும் பழுதுபார்ப்பும் நம் சிறு தலங்களுக்கு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. ஆனைமலை, நீலகிரி, கொடைக்கானல் மாதிரி பெரிய வட்டாரங்களில் ஒன்றிரண்டை வாங்கி, முன்பதிவு செய்தால் வேண்டிய தலத்துக்குக் கொண்டுவந்து தருவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

சக்கரம் மட்டுமே தடை இல்லை

இதுவரை பேசியதில் பெரும்பகுதி சக்கர நாற்காலியைப் பற்றியது. பார்வையற்றவர், காது கேளாதவர், ஆட்டிசம் உள்ள குழந்தை இவர்களுக்குப் பாதையின் சரிவு பிரச்சினையே இல்லை. இவர்களுக்கு வேண்டியவற்றுக்கு ஆகும் பணம் மிகக் குறைவு, அதனால் எந்தத் தலமும் இதைத் தள்ளிப்போடக் காரணமே கிடையாது.

அமெரிக்காவில் ஆஸ்பென் நகருக்குப் பக்கத்துக் காட்டில் 1967லேயே பார்வையற்றவர்களுக்காக ஒரு பாதை அமைத்தார்கள். ஓரமாக ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டே போனால் நின்று தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில் பிரெய்ல் பலகை. கயிறும் கம்பமும் எங்கும் கிடைக்கும். நம் காடுகளில் தொட்டுப் பார்க்கவா பொருள் இல்லை? மருத மரத்தின் வழவழப்பான பட்டைக்கும் கருவேலின் வெடித்த பட்டைக்கும் உள்ள வேறுபாட்டை விரல் உடனே சொல்லும். தேக்குத் தளிரைக் கசக்கினால் கை சிவக்கும் என்று பார்வையுள்ள குழந்தைகளுக்கே இன்றைக்குத் தெரியாது. யூகலிப்டஸ் இலையின் வாசனை, புற்றின் சொரசொரப்பு, மலை அணில் உதிர்த்த பழக்கொட்டை. இதையெல்லாம் கையில் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். கோவை மாவட்டத்தின் பரளிக்காட்டில் இருளர்களும், ஆனைமலையில் காடர், மலசர் மக்களும் காட்டைத் தங்கள் வீடாக அறிந்தவர்கள். குரலை வைத்துப் பறவையையும், வாசனையை வைத்து விலங்கு கடந்துபோனதையும் சொல்லக்கூடியவர்கள். பார்வையற்ற ஒருவருக்கு இவர்களைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது. கையைப் பிடித்து இழுக்காமல் தன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது, 'அங்கே பாருங்க' என்பதற்குப் பதில் 'உங்க வலது கைப்பக்கம் பத்தடியில்' என்று சொல்வது, காது கேளாதவரிடம் முகத்தைப் பார்த்துப் பேசுவது, அவசரத்துக்கு இருபது முப்பது சைகைகள். இந்தப் பயிற்சியை மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினரே வந்து நடத்தினால் நல்லது. அதற்கான மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும்.

பலகைகளும் இதே கணக்குதான். டிக்கெட் கவுண்ட்டரிலும் இணையத்திலும் பாதையின் நீளம், அகலம், தரை எப்படிப்பட்டது, எவ்வளவு செங்குத்து, எத்தனை பெஞ்சு, கழிப்பறை எங்கே என்று உண்மையாக எழுதி நான்கு படங்களும் போட்டுவிட்டால், வரலாமா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்வார்கள். 'மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது' என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. யாருக்கு ஏற்றது, எவ்வளவு தூரம் ஏற்றது? வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதவிக்கு வருபவருக்கு நுழைவுச்சீட்டு வாங்கச் சொல்லக் கூடாது. அவர் இல்லாமல் இவர் வர முடியாது. இணையத்தில் மட்டும் முன்பதிவு என்ற இடங்களில், ஃபோனில் பேசியும் பதிவு செய்ய வழி வேண்டும்.

என் வரிசை எங்கே பொருந்தாது

எல்லாக் காட்டுக்கும் ஒரே பதில் இல்லை. பிச்சாவரத்தில் காடே தண்ணீருக்குள் இருக்கிறது. அங்கே முதல் செலவு படகுத்துறைக்கு: நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைத் தளம், படகின் விளிம்போடு சமமாகச் சேரும் பலகை, நாற்காலியோடு ஏறக்கூடிய அகலமான தட்டைப் படகு ஒன்று. முதுமலையில் சுற்றுலாப் பயணிகள் காட்டுக்குள் நடக்கவே கூடாது, எல்லோரும் வேனில்தான் போகிறார்கள். அங்கே மண்பாதைக்குப் பேச்சே இல்லை. அடுத்த வேன் வாங்கும்போது அதில் சாய்தளம் இருக்கவேண்டும், தெப்பக்காடு யானை முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கும் இடத்தில் முன்வரிசையில் நாற்காலிகளுக்கு இடம் இருக்கவேண்டும். வேடந்தாங்கலில் ஏரிக்கரையே நல்ல நடைபாதை. கோபுரத்தில் ஏற முடியாதவர்களுக்குக் கரையிலேயே, உட்கார்ந்த உயரத்தில் ஒரு தொலைநோக்கியைப் பொருத்தினால் நத்தைக்குத்தி நாரையின் கூட்டை அவர்களும் பார்ப்பார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், வரைபடம் கையெழுத்தாவதற்கு முன் அந்த மாவட்டத்தைச் சேர்ந்த சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், எழுபது வயதுக்காரர் ஒருவர் மூவரையும் அந்த இடத்துக்கு அழைத்துப்போய், மழை பெய்த மறுநாள் பாதையில் போகச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே உதவி கேட்கிறார்கள், எங்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள் என்று சுண்ணாம்பால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டை அந்தக் குறிகளிலிருந்து எழுத ஆரம்பிக்கலாம். வேலை முடிந்தபின் அதே மூவரை மறுபடி அழைத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.